யார் கதை, யார் குற்றம்?
மதுரை வட்டாரத்தில் தாயின் துயரம் சொல்லப்பட்ட விதங்கள்

மதுரையிலிருந்து மேற்கே தேனிச் சாலையில் போனால் உசிலம்பட்டி. வடகிழக்கே திருச்சிச் சாலையில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. ஒரே மாவட்டத்தின் இரண்டு கோடிகள். இரு பக்கமும் வானம் பார்த்த காடு உண்டு, கண்மாய் உண்டு, திருவிழா வந்தால் விடிய விடிய நாடகம் உண்டு. கொட்டாம்பட்டி என்றால் வெளியூர்க்காரருக்கு நான்குவழிச் சாலையில் கடந்துபோகும் ஓர் ஊர், அவ்வளவுதான். உசிலம்பட்டி என்றால் மட்டும், கடந்த நாற்பது ஆண்டுகளாக, ஊர் நினைவுக்கு வருவதற்கு முன் 'பெண் சிசுக்கொலை' என்ற சொல் வந்துவிடுகிறது.

ஓர் ஊரின் பெயர் ஒரு குற்றத்தின் பெயரானது கதை சொல்லப்பட்ட விதத்தால்தான். அந்தக் கதையின் நடுவில் ஒரு தாய் நிற்கிறாள். பெற்றவளும் அவள், இழந்தவளும் அவள், பல நேரங்களில் குற்றம் சுமத்தப்பட்டவளும் அவள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு நேர்ந்த அநீதியை எந்த வடிவத்தில் சொன்னால் அது நியாயமான கூற்றாகும்? இந்தக் கேள்விக்குக் கதைப்பாடல், பத்திரிகை, நீதிமன்றம், சினிமா, வீதி நாடகம் எனப் பல காலமாகப் பல விடைகள் தரப்பட்டுள்ளன. இப்போது மெய்நிகர்க் காட்சியும் பல்லூடக ஆவணமும் புது விடையோடு வந்திருக்கின்றன. ஒவ்வொரு விடையும் எங்கிருந்து பிறந்தது, எங்கே இடறுகிறது, யாரைக் காட்சிக்கு வெளியே விட்டுவிடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பஞ்சமும் பாழுங்கிணறும்

இந்த வட்டாரத்தின் மிகப் பழைய விடை நல்லதங்காள் கதை. மதுரையில் பிறந்து மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள் நல்லதங்காள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பசியும் அவமானமும் தாங்காமல் பிள்ளைகளைப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் இருக்கிறது.

பல வடிவங்களில் கதை சொல்லும் உத்தி நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்தக் கதையின் பயணத்தைப் பார்க்க வேண்டும். வாய்மொழிப் பாட்டாக இருந்தது 'பெரிய எழுத்து' நூலாக அச்சேறிச் சந்தைகளில் விற்றது. கூத்தாகவும் மேடை நாடகமாகவும் நடந்தது. 1950இல் 'நல்லதங்க' என்ற மலையாளப் படமாகி ஓடியது. தமிழிலும் திரைக்கு வந்தது. ஒப்பாரியிலும் சாமி கும்பிடுதலிலும் கலந்தது. இன்றும் ஒரு தாய் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த செய்தி வந்தால் ஊர் அவளை நல்லதங்காள் என்றுதான் சொல்கிறது. விடியற்காலையில் கிணற்றடிக் காட்சி வரும்போது பார்வையாளர் அழுவது நாடகத்துக்கு வெளியே நடக்கும் ஒன்றன்று. அந்த அழுகையும் சேர்ந்ததுதான் நிகழ்த்துதல்.

கொலையுண்டவர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் தமிழ் நாட்டார் சமயத்தில் தெய்வமாவதை நாட்டார் வழக்காற்றியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1985இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. அநியாயமாகச் செத்தவரின் கோபத்தைத் தணிப்பது, சமூகம் தன் குற்றவுணர்வை ஒப்புக்கொள்வது என்று இந்த வழிபாட்டுக்கு இரண்டு முகங்கள் சொல்லலாம். இதுதான் இந்த வடிவத்தின் பலம். பிள்ளையைக் கொன்றவள் என்று தெரிந்தும் ஊர் அவளைத் தள்ளிவைக்கவில்லை. சிலை வைத்துக் கும்பிட்டது.

பலவீனமும் இதே இடத்தில்தான். கதை குற்றத்தை இன்னொரு பெண்ணின் தலையில் கட்டுகிறது. தண்டனை அண்ணிக்கு. பஞ்சம் வானத்திலிருந்து வருகிறது. தானியம் யாரிடம் இருந்தது, அரசு என்ன செய்தது என்ற பேச்சே இல்லை. 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி புரியும். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்த அந்த ஆண்டுகளில், நிவாரணக் கூலியைப் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்ற அளவுக்குக் குறைத்தார். அப்படிப்பட்ட ஓர் உத்தரவுக்குக் கதைப்பாடலில் இடம் கிடையாது. சாத்திய கதவு ஒன்றுதான். அதுவும் அண்ணி வீட்டுக் கதவு.

1986: ஊர் பெயர் அச்சேறியது

இரண்டாவது விடை பத்திரிகை தந்தது. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அதுவரை ஊர் வாயில் மட்டும் இருந்த விஷயம் நாடு முழுவதும் பேச்சானது. சட்டமன்றமும் மகளிர் அமைப்புகளும் ஆய்வாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மூடி வைத்திருந்ததைத் திறப்பது ஊடகத்தின் கடமை என்பது இந்தத் தரப்பின் வாதம். திறக்காமல் இருந்திருந்தால் பின்னால் வந்த எந்தத் திட்டமும் வந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

மறுப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது, கேமரா யாரைப் பார்த்தது என்பது. தொடர்ந்து வந்த செய்திகளில் தாயும் மாமியாரும் மருத்துவச்சியும் முகம் காட்டினார்கள். தகப்பன் பெரும்பாலும் காட்சியில் இல்லை. கொல்லும் முறையை விலாவாரியாக எழுதியவர்கள், வரதட்சணை அந்த மண்ணில் எப்போது, எதனால் ஏறியது என்பதற்குச் சில வரிகளே ஒதுக்கினார்கள். 1959இல் முடிந்த வைகை அணையின் பாசனம், அதனால் கைக்கு வந்த பணப்பயிர், பணம் வந்த வீடுகளில் கூடிய சீர்வரிசை, அதைப் பார்த்துப் பணம் வராத வீடுகளும் கொடுக்க வேண்டிய நிலை என்று ஒரு பொருளாதாரச் சங்கிலியை ஆய்வாளர்கள் பின்னர் முன்வைத்தார்கள். இதுதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 'காலங்காலமாக அவர்கள் வழக்கம்' என்ற எளிய விளக்கத்தை இது அசைக்கிறது.

இரண்டாவது மறுப்பு சாதி முத்திரை பற்றியது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகம் அதற்கு முன்பே ஒருமுறை மொத்தமாகக் குற்றம் சுமத்தப்பட்டது. குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியது. நாற்பது ஆண்டுகள் கூட ஆகாத நிலையில் அதே மக்கள் மீண்டும் 'கொலை செய்யும் கூட்டம்' என்று அச்சில் வந்தார்கள். ஆனால் 1992இல் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வட ஆற்காட்டுக் கிராமங்களைப் பற்றியது. சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் பிரச்சினை கடுமையாக இருந்தது. ஒரு சாதிக்கோ ஒரு தாலுகாவுக்கோ உரியதாக அது இருந்ததில்லை.

கூண்டில் ஏறிய கதை

நீதிமன்றமும் கதை சொல்லும் இடம்தான். அங்கே சொல்லும் விதத்தைச் சட்டப் பிரிவு தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் 1922இல் ஒரு சட்டமும் 1938இல் அதைத் திருத்திய சட்டமும் வந்தன. பிரசவத்துக்குப் பின் மனநிலை குலைந்த தாய் தன் குழந்தையைக் கொன்றால் அதைக் கொலையிலிருந்து பிரித்துப் பார்க்க அவை வழி செய்தன. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1870இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த பெண் சிசுக்கொலைத் தடுப்புச் சட்டம் பெரும்பாலும் வட இந்தியப் பகுதிகளைக் குறிவைத்தது.

எனவே 1990களில் மதுரை மாவட்டத்தில் வழக்குகள் வந்தபோது தாய்மார் நேராகக் கொலைக் குற்றச்சாட்டை எதிர்கொண்டார்கள். தண்டனை இருந்தால்தான் அச்சம் இருக்கும் என்பது ஒரு தரப்பு. பிள்ளை பெற்ற சில நாள்களில், வீட்டுப் பெரியவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவளைத் தனி ஆளாகக் கூண்டில் ஏற்றுவது முடிவெடுத்தவர்களைத் தப்பவிடுவது என்பது பெண்கள் இயக்கங்களின் தரப்பு. முந்தைய தரப்புக்கு, பிறந்த பெண் குழந்தையின் உயிரும் ஓர் உயிர்தான் என்ற மறுக்க முடியாத வாதம் இருக்கிறது. பிந்தைய தரப்புக்கு, குற்றப்பத்திரிகையில் வரும் பெயர்களின் பட்டியலே சான்று. இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் சட்ட மொழி இன்னும் உருவாகவில்லை.

கருத்தம்மாவின் வெளிச்சமும் நிழலும்

பாரதிராஜாவின் 'கருத்தம்மா' 1994இல் வந்தது. கதை எம். ரத்னகுமார், இசை ஏ.ஆர். ரஹ்மான். குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பாடகி சுவர்ணலதாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தன. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பெண் குழந்தை காப்பாற்றப்பட்டு, படித்து மருத்துவராக அதே ஊருக்குத் திரும்பி வருகிறாள்.

பத்திரிகை விட்டுவிட்ட தகப்பனைப் படம் காட்சிக்குள் கொண்டுவந்தது. பெரியார்தாசன் நடித்த அந்தப் பாத்திரம்தான் படத்தின் முதுகெலும்பு. மதுரை, தேனி மண்ணின் பேச்சும் வறண்ட காடும் திரையில் வந்ததால் அந்த ஊர்க்காரர்களே தங்களைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இது சிறிய சாதனையன்று.

ஆனால் படம் சார்ந்து நிற்கும் தர்க்கம் விவாதத்துக்குரியது. பெண் பிள்ளை ஏன் வாழ வேண்டும்? கடைசிக் காலத்தில் அப்பனுக்கு மருந்து கொடுப்பாள் என்பதாலா? மருத்துவராகத் திரும்பாத, சாதாரணமாக வளர்ந்து களையெடுக்கப் போகும் மகளின் உயிருக்கு என்ன நியாயம்? 'மகளும் உதவுவாள்' என்ற வாதம் மகனைக் கணக்குப் பார்க்கும் அதே தராசில்தான் மகளையும் ஏற்றுகிறது என்ற விமர்சனம் வலுவானது. கூடவே, வெகுஜன சினிமாவின் இலக்கணப்படி தாயின் துயரம் ஒரு பாட்டில் உருகி முடிந்துவிடுகிறது. அவள் என்ன நினைத்தாள் என்பதைவிட அவள் எப்படி அழுதாள் என்பதே மனத்தில் நிற்கிறது.

சடங்கைக் கையில் எடுத்த நாடகம்

அதே காலத்தில் மேடையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு பாதை போனார்கள். எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் 1990களின் தொடக்கத்தில் தமிழகக் கிராமங்களுக்கு ஒரு புதிய நிகழ்த்து மொழியைப் பழக்கியிருந்தன. அ. மங்கையின் இயக்கத்தில் 'மௌனக்குரல்' குழு உருவாக்கிய 'பச்சமண்ணு' பெண் சிசுக்கொலையைப் பற்றியது. பெண்ணின் வாழ்க்கைவட்டச் சடங்குகளையே அது நாடகத்தின் உடலாக்கியது. சடங்கு என்பது பார்ப்பதற்கு உரியதன்று, பங்கேற்பதற்கு உரியது. அந்தச் சடங்குக்குள் இழுக்கப்பட்ட பார்வையாளர் தாமும் அதில் ஒரு பங்காளி என்பதை எளிதில் மறுக்க முடியாது. இன்று 'உள்ளே மூழ்கும் கதைசொல்லல்' என்று சொல்லப்படுவதன் உள்ளூர் வேர் இங்கேதான் இருக்கிறது.

அரசும் இந்த மொழியைப் பயன்படுத்தியது. தருமபுரி மாவட்டத்தில் 1990களின் இறுதியில், டென்மார்க் உதவி பெற்ற சுகாதாரத் திட்டம் ஊர் ஊராகக் கலைப்பயணம் நடத்தியது. அந்த அனுபவத்தை வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை வைத்துச் சிசு மரணங்களை ஆராய்ந்தவர்களும் இவர்களே. இதனால் நாடகமும் எண்ணும் ஒன்றையொன்று சோதிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

இந்தத் தரப்பின் பலவீனம் விளைவை அளப்பதில் இருக்கிறது. கலைப்பயணம் நடந்த ஆண்டுகளில்தான் வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் விட வழி செய்த தொட்டில் குழந்தைத் திட்டமும் இருந்தது, செவிலியர் கண்காணிப்பும் கூடியது, கருவின் பாலினம் பார்க்கும் ஸ்கேன் மையங்களும் பெருகின. ஒரு தாய் மனம் மாறியது நாடகத்தாலா, நர்ஸம்மாவின் வருகையாலா, அல்லது பிரச்சினை பிறப்புக்கு முன்னால் நகர்ந்துவிட்டதாலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்ப்பது

தாய்மாருக்கு நேர்ந்த அநீதியைப் பார்வையாளர் நடுவிலேயே நின்று உணரும்படி செய்யும் முயற்சிகள் உலகில் பல. டப்ளின் நகரில் 'அனு' நாடகக் குழு 2011இல் 'லாண்ட்ரி' என்ற நிகழ்வை நடத்தியது. மணமாகாமல் பிள்ளை பெற்றவர்கள் உள்ளிட்ட பெண்களை அடைத்துவைத்து வேலை வாங்கிய மக்தலேன் சலவைக்கூடம் ஒன்றிலேயே அது நடந்தது. பார்வையாளர்கள் சிலர் சிலராக உள்ளே அனுப்பப்பட்டார்கள். அயர்லாந்து அரசு 2013 பிப்ரவரியில் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது. நாடகத்தால்தான் மன்னிப்பு வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் ஆவணம் திரட்டிய பெண்களின் போராட்டம் அதற்கு முன் இருந்தது. அதே நாட்டில் தூவம் என்ற ஊரில் தாய்–சேய் இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் பெயர்ப் பட்டியலைத் தேடித் தொகுத்தவர் கேத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர். அவருடைய கருவி இறப்புச் சான்றிதழ்கள்.

தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கையில் இருக்கிறது. போருக்குப் பின் ராதிகா ஹெட்டியாராச்சி முன்னெடுத்த 'ஹெர்ஸ்டோரிஸ்' திட்டம் வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டியது. கைப்பட எழுதிய கடிதம், வாழ்க்கை மரம், நினைவு வரைபடம், ஒளிப்படம், காணொளி என வடிவங்கள் பல. இங்கே கவனிக்க வேண்டியது வடிவங்களின் எண்ணிக்கையைவிட, கடிதத்தை எழுதியது யார் கை என்பது. கதையைச் சொன்னவள் தாயே. நல்லதங்காள் முதல் கருத்தம்மா வரை தாயைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். இங்கே அவள் பேசுகிறாள்.

மெய்நிகர்க் காட்சியின் உரிமைகோரல் இன்னும் பெரியது. இயக்குநர் கிறிஸ் மில்க் 2015இல் அதைப் பரிவை உண்டாக்கும் இயந்திரம் என்று வருணித்தார். அடுத்த ஆண்டு வந்த 'மை மதர்ஸ் விங்' என்ற படம், காஸாவில் பிள்ளைகளை இழந்த ஒரு தாயின் வீட்டுக்குள் பார்வையாளரை உட்கார வைத்தது. உளவியலாளர் பால் புளூம் போன்றோர் இதை ஐயத்தோடு பார்க்கிறார்கள். பரிவு, கண்முன் தெரியும் ஒருவர் மீதே குவியும். கணக்கில் மட்டும் தெரியும் பலரை மறக்கச் செய்யும் என்பது அவர் வாதம். கண்ணாடியைக் கழற்றியதும் வெளியேற முடிகிற ஒருவர், வெளியேற வழியே இல்லாதவளின் நிலையை அனுபவித்துவிட்டதாக நம்புவதும் ஓர் ஆபத்து. உசிலம்பட்டிக்கு இதைப் பொருத்தினால் சங்கடம் இன்னும் கூடும். பிள்ளை பெற்ற அறைக்குள் பார்வையாளரை நிறுத்தினால் அவர் பார்க்கப்போவது மீண்டும் அந்தத் தாயை. தூரத்தில் திண்ணையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் மீண்டும் காட்சிக்கு வெளியே.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கதை எந்த வடிவத்தில் வந்தாலும் அதை உரசிப்பார்க்க மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2001இல் 942, 2011இல் 943. சேலம் மாவட்டத்தில் 1991இல் அது 849 மட்டுமே. அடுத்த ஆண்டு அங்கேதான் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு அது விரிந்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது.

தொட்டில் திட்டம் உயிர்களைக் காத்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது பெற்றவளிடம் 'வேண்டாம் என்றால் இங்கே விடு' என்றது. 'வேண்டாம்' என்று சொல்ல வைத்தவர்களிடம் எதுவும் கேட்கவில்லை என்ற விமர்சனம் தொடக்கம் முதலே உண்டு. மாநில விகிதம் பெரிதாக ஏறாதது, கிராமத்துத் தாழ்வாரத்தில் நடந்தது நகரத்து ஸ்கேன் மையத்துக்கு இடம் மாறியதோ என்ற ஐயத்தையும் எழுப்புகிறது. அங்கே மருத்துவச்சி இல்லை, கொல்லப் பயன்பட்ட எருக்கஞ்செடி இல்லை, கேமராவுக்கு வேண்டிய எதுவும் இல்லை. படித்த, வசதியுள்ள வீடுகளின் கதை இதுவரை எந்த நாடகத்திலும் நல்லதங்காள் அளவுக்கு நிலைபெறவில்லை.

தீராமல் நிற்பவை

மேலே பார்த்த விடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு பொது ஓட்டம் தெரிகிறது. கதைப்பாடல் அரசை விட்டுவிட்டது. பத்திரிகை தகப்பனை விட்டுவிட்டது. நீதிமன்றம் குடும்பத்தை விட்டுவிட்டது. சினிமா தாயின் எண்ணத்தை விட்டுவிட்டது. வீதி நாடகம் பார்வையாளரையும் பங்காளியாக்கி இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. ஆனால் தன் விளைவை நிறுவ முடியாமல் நின்றது. ஆக, தொழில்நுட்பம் புதிதா பழையதா என்பதைவிட, காட்சிக்குள் யார் யார் வருகிறார்கள் என்பதே இந்த வடிவங்களை மதிப்பிடச் சரியான அளவுகோலாகத் தோன்றுகிறது. அந்த அளவுகோலில் மெய்நிகர்க் காட்சி இன்னும் தேர்வு எழுதவில்லை. எழுதினால் தேறும் என்று நம்புவதற்குப் போதிய சான்றும் இல்லை.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஒன்று, சம்மதம்: சட்டப்படி இன்றும் குற்றமாகக் கூடிய ஒன்றைப் பற்றி ஒரு பெண் பேசினால், அந்தக் குரலையும் முகத்தையும் எப்படிக் காப்பது? இரண்டு, பெயர்: ஊரையும் சாதியையும் சொல்லாமல் வரலாறு எழுத முடியாது, சொன்னால் முத்திரை விழுகிறது. மூன்று, பிழைத்த மகள்கள்: தொட்டிலில் விடப்பட்டு வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்தக் கதையில் எந்தப் பக்கம் நின்று பேசுவார்கள்?

இவற்றுக்கு விடை காண மிகச் செலவான கருவிகள் முதலில் தேவைப்படா. ஓர் ஒலிப்பதிவுக் கருவி, பேசுபவர் விரும்பினால் பெயரை மறைக்கும் உறுதி, தகப்பன்மாரையும் தரகர்களையும் ஸ்கேன் மையக்காரர்களையும் அதே கேள்விகளைக் கேட்கும் துணிவு ஆகியவை போதும். மதுரைப் பல்கலைக்கழகங்களின் நாட்டார் வழக்காற்றியல், மகளியல் துறைகள் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை இது. 1986இல் அந்தக் கட்டுரை வந்தபோது இருபத்தைந்து வயதில் இருந்த தாய்மார் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அன்று முடிவெடுத்த மாமியார்களில் பெரும்பாலோர் இன்று இல்லை.